பின்பக்கம்

எல்லாம் நின்றுபோகும் நாளுக்கான திட்டத்தை
வீணான நகல்களின் பின்பக்கத்தில் எழுதி வருகிறேன்.
திருத்துறைப்பூண்டியில் எட்டுக்குப் பத்து கடை.
கோணலாய் விழுந்தது, மை மங்கியது,
கட்டைவிரல் மறைத்த ஆதார்,
இவற்றுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

முதல் தாள்.
அரிசி இரண்டு மூட்டை.
வேதாரண்யத்துக் கல்லுப்பு பத்துப் படி.
தீப்பெட்டி, மெழுகில் முக்கி எடுத்தது.
காட்டுயானம் விதைநெல் ஒரு மரக்கால்,
தண்ணீர் ஆள் மட்டம் நின்றாலும் தலை நிமிர்த்துமாம்.
இவருக்கு இன்சுலின்:
கரண்டு இல்லாமல், மண்பானை, ஈர மணல், எத்தனை நாள்?
கேள்விக்குறியோடு விட்டுவிட்டேன்.

திருப்பினால் யாருடையதோ ஒரு சிட்டா,
நாற்பது ஏர் நஞ்சை.
அந்த நாள் வந்தால் முன்பக்கம் செல்லாது,
பின்பக்கம் செல்லும்.
இதை நினைத்துத் தனியாகச் சிரித்ததில்
ரீசார்ஜுக்கு வந்த பையன் பயந்துவிட்டான்.

இரண்டாம் தாள், தண்ணீர்.
இங்கேதான் பேனா நின்றது.
மேட்டூரில் ஒருவர் ஷட்டரைத் தூக்க வேண்டும்.
கல்லணையில் ஒருவர் பிரித்துவிட வேண்டும்.
மூணாறு தலைப்பில் ஒருவர்.
அதற்குக் கீழே, மதகு மதகாய்,
சாவிக்கொத்தோடு சைக்கிள் மிதிக்கிற லஸ்கர்கள்.
சம்பளம் வரவில்லையென்று
இதில் ஒருவர் வீட்டில் படுத்தாலும்
முள்ளியாறு வெறும் மணல்.
உலகம் ஒழுங்காக இருக்கிற வருஷங்களிலேயே
கடைமடைக்கு வருவதற்குள் தண்ணீர் களைத்துவிடுகிறது.
அடிபம்பில் உப்பு.
எங்கள் கொல்லைக் கிணறு மட்டும், ஏனோ, இனிப்பு.

எழுதினேன்: கிணற்றுக்கு இரும்பு மூடி. பூட்டு.
மதில்மேல் கண்ணாடிச் சில்லு.
பிறகு சின்ன எழுத்தில்: நாய்?

அந்தத் தாளின் முன்பக்கம் ஜெமீலா பீவி,
குழுக் கடன் விண்ணப்பத்தில், முகம் பாதி கறுப்பாக.
தாகமெடுத்தால்
எந்தச் சந்து வழியாக வருவாள் என்று எனக்குத் தெரியும்.
சில்லை அடித்தேன்.
இரவு மறுபடி எழுதினேன்.

தென்னைகள் வேரோடு சாய்ந்த அந்தப் புயலுக்குப் பின்
இருபத்திரண்டு நாள் கரண்டு இல்லை.
ஒத்திகை என்று அப்போது தோன்றவில்லை.
மெஷினைத் தார்ப்பாயில் சுற்றிவிட்டு
கார்பன் தாள் வைத்து நிவாரண மனு எழுதிக் கொடுத்தேன்:
விழுந்த மரம் இத்தனை, செத்த ஆடு இத்தனை.
ஒருவர் மரத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதச் சொன்னார்.
எழுதினேன்.
பால்பவுடர் லாரியை மறித்தது உண்மை.
மறித்தவர்களே வரிசையும் கட்டினார்கள்.
அந்த வரிசையில் எனக்கும் நாத்தனாருக்கும் கைகலப்பு,
இன்றுவரை பேச்சில்லை.
இதிலிருந்து என்ன பாடம் எடுப்பதென்று
தாளில் எழுதத் தெரியவில்லை.

நேற்று, ஷட்டரை இறக்குகிற நேரம்,
உப்பளத்து வேம்பையன்
நாலாக மடித்த நோட்டுத் தாளோடு வந்தார்.
'ரெண்டு பிரதி போடும்மா.'
படிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் தருமம்.
கவிழ்க்கும்போது கண் படித்துவிட்டது.
உப்பு: நம்மகிட்டயே.
மண்ணெண்ணெய்: கொழுந்தியா வீடு.
படகு: கோடியக்கரை மச்சான்.
நல்ல தண்ணி: ஜெராக்ஸ் கடைக்காரம்மா கிணறு.
அதன் கீழே இரண்டு கோடு.

பச்சை வெளிச்சம் ஒருமுறை ஓடித் திரும்பியது.
அந்த இரண்டு கோடு
கேட்க வேண்டும் என்பதற்கா,
எடுக்க வேண்டும் என்பதற்கா?
நகலிலும் அதே இரண்டு கோடுதான்.

'எதுக்கு ரெண்டு?'
'ஒண்ணு அவகிட்ட. ஒண்ணு மகன்கிட்ட.
நான் இல்லாட்டியும் தெரியணும்ல.'
'நாலு ரூபா.'
சட்டைப்பையைத் தடவிவிட்டு
நாளைக்குத் தருகிறேன் என்றார்.
சரி என்றேன்,
நாளை என்று ஒன்று இருப்பதுபோல்
இரண்டு பேரும்.

அவர் போனபின் என் தாளை எடுத்து
கல்லுப்பு பத்துப் படியை அடித்துவிட்டு
'வேம்பையனிடம்' என்று எழுதினேன்.
இரும்பு மூடியும் பூட்டும் அப்படியே இருக்கின்றன.
பட்டறையில் விலை விசாரித்தேன்,
ஆயிரத்து எண்ணூறு சொல்கிறார்கள்.